சேற்றைத் தின்னும் வயிறு

கோடையில் நீர் வற்றிக் கிடக்கும் அணைக்கட்டின் ஓரம் ஒரு மணி நேரம் நின்றாலே இந்தக் கேள்வி எழும். தண்ணீர் கரும்பச்சையாகத் திரண்டிருக்கிறது. உள்ளே கை விட்டால் விரல் தெரிவதில்லை. நீர்ச்செடி எதுவும் இல்லை, கரையில் நிழல் தரும் மரம் இல்லை, அடியில் வெறும் சேறு. அந்தத் தண்ணீரில் தூண்டில் போட்ட பையன் சற்று நேரத்தில் ஒரு வாளி ஜிலேபி மீனோடு வீட்டுக்குப் போகிறான். விரால் அகப்படவில்லை, கெண்டை எப்போதாவது ஒன்று. ஜிலேபிக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

இத்தனை மீனும் எதைத் தின்று வளர்கின்றன? மீனவர்களைக் கேட்டால் அது அழுக்கைத் தின்னும் என்பார்கள். பதில் தவறில்லை. ஆனால் அழுக்கைத் தின்று ஒரு மீன் எப்படிக் கொழுக்கிறது? அதே அழுக்கு அதே அணையில் கிடைத்தும் ஊர் மீன்கள் ஏன் பெருகவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை மீனின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதற்கு முன் அணை என்பது மீனுக்கு என்ன மாதிரியான இடம் என்று பார்த்துவிட வேண்டும்.

ஆற்று மீன்களுக்குக் கிடைத்த ஏரி

ஆற்றில் வாழும் மீனுக்கு இரை பெரும்பாலும் ஓடி வருகிறது. கரை மரங்களிலிருந்து பூச்சியும் பழமும் விழுகின்றன. கல்லில் பாசி படர்கிறது. வெள்ளக் காலத்தில் ஆறு வயல்வெளிக்குள் புகும்போது புழுவும் விதையும் கிடைக்கின்றன. ஆற்று மீனின் வாய், பல், குடல், முட்டையிடும் பருவம் எல்லாமே இந்த ஓட்டத்தை நம்பி அமைந்தவை.

அணை கட்டியதும் ஓட்டம் நிற்கிறது. ஆற்றுப் பள்ளத்தாக்கு அகன்ற நீர்ப்பரப்பாக மாறுகிறது. அதில் இரையே இல்லை என்று சொல்ல முடியாது. இரையின் வகை மாறிவிடுகிறது. வெயில் படும் மேல்நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடி கோடியாக மிதக்கின்றன. இவற்றை மிதவைப் பாசி எனலாம். அவை செத்து அடியில் படிகின்றன. ஆற்று மீன்களில் பலவற்றுக்கு இந்த இரண்டையும் உண்ணத் தெரியாது. அவை ஓரங்களிலும், ஆறு வந்து சேரும் முகத்திலும் தங்கிவிட, நடுநீர் காலியாகக் கிடக்கிறது.

ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே உள்ள காரிபா நீர்த்தேக்கத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. சாம்பேசி ஆற்றை 1958இல் மறித்தார்கள், 1963இல் நீர் நிரம்பியது. ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. அதன் நடுநீரில் மேயத் தெரிந்த உள்ளூர் மீன் ஏறக்குறைய இல்லை. 1967, 68இல் டாங்கனிகா ஏரியிலிருந்து கபென்டா என்ற விரலளவு மீனைக் கொண்டு வந்து விட்டார்கள். நீரில் மிதக்கும் நுண்விலங்குகளை உண்ணும் மீன் அது. சில ஆண்டுகளிலேயே பெருகி, இரவில் விளக்கு கட்டிப் பிடிக்கும் ஒரு தொழிலையே உருவாக்கிவிட்டது. அதோடு நிற்காமல் அணையைக் கடந்து ஆற்றோடு இறங்கி, மொசாம்பிக்கின் கபோரா பாசா நீர்த்தேக்கத்திலும் குடியேறியது. காரிபாவில் அது எதை உண்டதோ அது குறைந்தது. மிதவை விலங்குகளில் பெரிய உடல் கொண்டவை அருகிப்போய்ச் சிறியவை மிஞ்சின.

இலங்கையின் நிலை இன்னும் விசித்திரமானது. அந்தத் தீவில் சொல்லிக்கொள்ளும்படியான இயற்கை ஏரிகள் இல்லை. இருக்கும் ஆயிரக்கணக்கான குளங்கள் எல்லாம் மனிதர் வெட்டியவை. அவற்றில் வாழ்ந்த மீன்கள் ஆற்றிலிருந்தும் சதுப்பிலிருந்தும் வந்து சேர்ந்தவை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இலங்கை உயிரியலாளர் சி.எச். பெர்னாண்டோ இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். ஏரியில் வாழப் பழகிய மீன் இல்லாத நாட்டில் ஏரியை மட்டும் உண்டாக்கினால், அதன் விளைச்சலின் பெரும்பகுதி மீனாக மாறாமலே போகும் என்பது அவருடைய வாதம். அந்தக் காலி இடத்துக்குத்தான் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மீன் வந்து சேர்ந்தது.

ஜாவாவில் கிடைத்த ஐந்து மீன்கள்

மொசாம்பிக் திலாப்பியாவின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோர ஆறுகளும் கழிமுகங்களும். தமிழ்நாட்டில் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயர் விழுந்தாலும் அது கெண்டைக் குடும்பத்து மீன் அல்ல. கேரளத்துக் கரிமீன்தான் அதற்கு நெருங்கிய உறவு. உறவுமுறை ஏன் முக்கியம் என்பது வயிற்றைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

1930களில் ஜாவா தீவின் கழிமுகம் ஒன்றில் இந்த மீன்கள் ஐந்து அகப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே எப்படிப் போயின என்பது துலங்கவில்லை. கண்டெடுத்து வளர்த்தவர் பெயரிலேயே இந்தோனேசியாவில் அதை இன்றும் முஜாயிர் என்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது ஜாவாவைப் பிடித்த ஜப்பானியர் அதை மற்ற நாடுகளுக்கும் கொண்டு போனார்கள். 1952இல் அது இலங்கைக்கு வந்தது. அதே ஆண்டில் பாங்காக்கிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தமிழ்நாட்டின் குளங்களுக்கும் அணைகளுக்கும் பரவியது. 1959இலேயே இந்திய மீன்வள ஆய்வுக் குழு இதைப் பரப்பக் கூடாது என்று தடை சொன்னது. அதற்குள் மீன் கைமீறிவிட்டது. வைகை, அமராவதி, கிருஷ்ணகிரி அணைகளில் வலையில் விழுவதில் பெரும்பங்கு ஜிலேபி என்ற நிலை பிற்காலத்தில் வந்தது.

பராக்கிரம சமுத்திரத்தில் ஒரு வயிறு

பொலன்னறுவையில் உள்ள பராக்கிரம சமுத்திரம் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கட்டிய குளம். ஏறத்தாழ 2,500 ஹெக்டேர் பரப்பு, அதிக ஆழமில்லை, ஆண்டு முழுக்கப் பச்சைத் தண்ணீர். 1970களின் இறுதியிலும் 80களின் தொடக்கத்திலும் வியன்னாவைச் சேர்ந்த ப்ரீட்ரிக் ஷீமர் தலைமையில் ஆஸ்திரிய, இலங்கை ஆய்வாளர்கள் இந்தக் குளத்தை நீரிலிருந்து நீர்க்காகம் வரை அலசினார்கள். 1983இல் முடிவுகள் நூலாக வந்தன. திலாப்பியாவின் சாப்பாடும் அதில் ஒரு பகுதி.

மீன் எதைத் தின்கிறது என்று அறிய அதன் வாயைப் பார்த்தால் போதாது, வாய்க்குள் போனதைப் பார்க்க வேண்டும். இரவு பகலாக சில மணி நேரத்துக்கு ஒருமுறை வலை போடுகிறார்கள். பிடித்த மீனை உடனே கொன்று, இரைப்பையையும் குடலையும் எடுத்துப் பதப்படுத்துகிறார்கள். தாமதித்தால் செத்த மீனின் வயிற்றிலும் செரிமானம் தொடர்ந்து, ஆதாரம் கரைந்துபோகும். பிறகு நுண்ணோக்கியில் வைத்துப் பாசி எவ்வளவு, மணல் எவ்வளவு, பூச்சிக்கால் எவ்வளவு என்று கணக்கெடுக்கிறார்கள். குடலின் தொடக்கத்தில் இருப்பதையும் முடிவில் இருப்பதையும் ஒப்பிட்டால், மீன் விழுங்கியதில் எதை உண்மையில் உடம்பில் சேர்த்தது என்பதும் தெரிந்துவிடும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இதைச் செய்யாமல் ஒரு மீனைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம்தான்.

குஞ்சுப் பருவத்தில் திலாப்பியா மிதவை விலங்குகளையும் சிறு பூச்சிகளையும் தேடி உண்கிறது. வளர வளரப் பாசிக்கும், அடியில் படிந்த கசடுக்கும் மாறுகிறது. செத்த பாசி, இலைத்துகள், மீன் எச்சம், இவற்றின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் எல்லாம் கலந்த இந்தக் கசடை இனி மட்கு என்று அழைப்போம். நீரோடு உள்ளே வரும் துகள்களை வாயில் சுரக்கும் கோழை பிடித்து வைக்கிறது. தொண்டையில் இருக்கும் இரண்டு பல்தகடுகள் அரைக்கின்றன. வயிற்றைக் கிழித்தால் குடல் சுருள் சுருளாக வெளியே வரும். நீட்டினால் மீனின் நீளத்தைப் போல் பல மடங்கு. பிற மீனைத் தின்னும் விராலின் குடல் இதற்கு முன் மிகக் குட்டை. சத்துக் குறைந்த இரையிலிருந்து சாரத்தை எடுக்க நீண்ட குடல் வேண்டும்.

இலங்கை ஆய்வாளர் சேன டி சில்வாவும் உடன் பணியாற்றியவர்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சித்திரத்தை இன்னும் சுவையாக்கியது. ஒன்பது நீர்த்தேக்கங்களிலிருந்து இதே இன மீன்களைப் பிடித்து வயிற்றைப் பார்த்தார்கள். குளத்துக்குக் குளம் சாப்பாடு வேறாக இருந்தது. ஓரிடத்தில் மட்கு, ஓரிடத்தில் செடியும் பாசியும், வேறோரிடத்தில் நுண்விலங்கு. இருப்பதைத் தின்னும் இந்தக் குணம்தான் புது ஊரில் ஒரு மீனைக் காப்பாற்றுகிறது. ஒரே வகை இரையை நம்பும் மீன் அந்த இரை இல்லாத குளத்தில் முடிந்துபோகும்.

காலையில் பச்சை, மாலையில் பழுப்பு

எதையும் விழுங்கிவிடலாம். செரிக்க வேண்டுமே? வெப்ப நாடுகளின் நீர்த்தேக்கங்களில் மிதவைப் பாசியின் பெரும்பங்கு நீலப்பச்சைப் பாசி. அதன் செல்சுவர் கெட்டியானது. அதை விழுங்கும் பல மீன்களின் குடல் வழியாக அது உயிரோடே வெளியேறிவிடுகிறது. திலாப்பியாக்களால் மட்டும் அதை எப்படிச் செரிக்க முடிகிறது என்ற புதிர் உகாண்டாவின் ஜார்ஜ் ஏரியில் அவிழ்ந்தது. ஆண்டு முழுக்க நீலப்பச்சைப் பாசியால் திணறும் ஏரி அது. அங்கே மொசாம்பிக் திலாப்பியாவின் நெருங்கிய உறவான நைல் திலாப்பியாவை ஆராய்ந்து டி.ஜே.டபிள்யூ. மோரியார்ட்டி 1973இல் விடையை வெளியிட்டார்: அமிலம்.

திலாப்பியா பகலில் மேய்ந்து இரவில் ஓய்வெடுக்கும் மீன். விடியும்போது வயிறு காலி, அமிலமும் மிகக் குறைவு. முதலில் விழுங்கும் பாசி கிட்டத்தட்ட அப்படியே குடலுக்குள் நழுவிப் போகிறது. நிறம்கூட மாறுவதில்லை, பச்சையாகவே வெளியேறுகிறது. மீன் தொடர்ந்து மேய மேய அமிலம் ஊறிக்கொண்டே வருகிறது. பொழுது ஏறும்போது வயிற்றுக்குள் போகும் பாசி பழுப்பாக மாறத் தொடங்குகிறது. செல்சுவர் உடைந்து பச்சையம் சிதைந்ததன் அடையாளம் அது. உள்ளே இருந்த சத்து இப்போது குடலுக்குக் கிடைக்கிறது. மாலையில் மேய்ச்சல் நிற்கிறது, இரவில் வயிறு காலியாகிறது, மறுநாள் மறுபடியும் தொடக்கத்திலிருந்து.

அமிலத்தை அளக்கும் பி.எச். அளவுகோலில் தூய நீர் 7. எண் ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டி நிற்கும். திலாப்பியாவின் வயிற்றில் மோரியார்ட்டி அளந்தது 1.4 வரை இறங்கியது.

உறவுமுறை முக்கியமாவது இங்கேதான். கட்லா, ரோகு, மிர்கால், ஆற்றுக் கெண்டைகள் எனக் கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. தொண்டையைத் தாண்டினால் நேராகக் குடல். அமிலம் சுரக்க இடமில்லை. மிர்காலும் அடிமட்டத்துக் கசடை உண்ணும் மீன்தான், அதற்கும் நீண்ட குடல் இருக்கிறது. ஆனால் நீலப்பச்சைப் பாசியை அமிலத்தில் ஊறவைக்கும் வசதி அதற்கு இல்லை. தென்னிந்திய, இலங்கை ஆறுகளில் கெண்டைக் குடும்பமே பெருங்குடும்பம் என்பதை நினைத்துப் பார்த்தால், பச்சைத் தண்ணீர் நிறைந்த குளத்தில் ஊர் மீன்கள் திணறியதும் வந்த மீன் கொழுத்ததும் ஏன் என்று புரிந்துவிடுகிறது.

எல்லாச் சேறும் ஒன்றல்ல

மட்கில் பெரும்பகுதி செரிக்காத நார். மீனுக்குப் பயன்படுவது அதில் வாழும் நுண்ணுயிர்களும் புதிதாகப் படிந்த பாசியும்தான். கரும்புச் சக்கையில் ஒட்டியிருக்கும் சாறு போல. சாறு எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தே மீனின் வளர்ச்சி.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் போவென் இதை இரண்டு ஏரிகளில் காட்டினார். தென்னாப்பிரிக்காவின் சிபாயா ஏரி மொசாம்பிக் திலாப்பியாவின் சொந்த மண். ஆழம் குறைந்த ஓரங்களில் மேய்ந்த இளம் மீன்கள் நன்றாக வளர்ந்தன. ஆழத்துக்குப் போன பெரிய மீன்களோ எலும்பும் தோலுமாக இருந்தன. ஆழத்து மட்கில் வயிறு நிறையும், ஆனால் புரதம் போதாது. வெனிசுவேலாவின் வலென்சியா ஏரிக்கு அதே மீன் வந்தேறி. அங்கே மட்கை மட்டுமே தின்று வேகமாக வளர்ந்தது. புரதமாகக் கோக்கப்படாத அமினோ அமிலங்கள் அந்த மட்கில் நிறைய இருந்ததே காரணம் என்று 1980இல் போவென் எழுதினார். சொந்த ஊரில் மெலிந்த மீன் வந்த ஊரில் கொழுத்தது என்பது இந்த ஆய்வுகளிலேயே மனதில் தங்கும் செய்தி.

நீர்த்தேக்கத்தில் இந்த மட்கு எங்கிருந்து வருகிறது? பாசனத்துக்கு நீர் திறந்ததும் குளம் சுருங்குகிறது. வெளியே தெரியும் சேற்றில் சில வாரங்களில் புல் முளைக்கிறது. எருமைகளும் மாடுகளும் வந்து மேய்ந்து சாணம் போடுகின்றன. மழை வந்து நீர் ஏறும்போது புல்லும் சாணமும் மூழ்கி அழுகிப் பாசிக்கு உரமாகின்றன. இலங்கையின் வறண்ட பகுதிக் குளங்களில் ஆண்டுதோறும் நடப்பது இது. மீனுக்கென்று யாரும் தீவனம் போடுவதில்லை, மாடு மேய்ப்பவர் தெரியாமலே போட்டுவிடுகிறார்.

சத்து குறைந்தாலும் கூட்டம் மிகுந்தாலும் திலாப்பியா வளர்வதை நிறுத்திவிட்டு இனம் பெருக்கத் தொடங்கிவிடும். உள்ளங்கை அளவுகூட வளராத பெண்மீன் முட்டையிட்டு, முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் இரையெடுப்பது ஏறக்குறைய நின்றுவிடும். பட்டினி கிடந்தாவது குஞ்சுகளைக் கரை சேர்க்கும் இந்த மீனின் முயற்சி வியக்க வைக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பல குளங்களில் ஆயிரக்கணக்கில் ஜிலேபி இருந்தும் விலைபோகும் அளவில் ஒன்றும் இல்லாமல் போவதற்குக் காரணமும் இதுவே. விரால் நிறைந்த நீர்நிலையில் இந்த நெரிசல் குறைகிறது, குஞ்சுகளை அது தின்றுவிடுவதால்.

ஒரே இரைக்கு இருவர்

இலங்கைக் குளங்களில் திலாப்பியா பெரும்பாலும் யாரும் தொடாத இரையைத் தொட்டது. அங்கே நன்னீர் மீன்பிடி ஒரு தொழிலாக நிமிர்ந்தது அதனால்தான். இதை எல்லா ஊருக்கும் பொருத்திவிடக் கூடாது. வந்த மீனும் இருந்த மீனும் ஒரே இரையை நாடினால் கதை வேறு.

இமாச்சலப் பிரதேசத்தில் பக்ரா அணைக்குப் பின்னால் உள்ள கோவிந்த் சாகரில் கட்லா நல்ல வருமானம் தரும் மீனாக இருந்தது. 1971இல் மழைவெள்ளம் தேவ்லி மீன்பண்ணையை உடைத்து, அங்கிருந்த வெள்ளிக் கெண்டைகளை நீர்த்தேக்கத்துக்குள் தள்ளியது. சீனாவிலிருந்து வந்த இந்த மீனின் செவுள் முட்கள் பஞ்சு போல ஒன்றோடொன்று இணைந்து, மிக நுண்ணிய பாசியையும் வடித்துவிடும். கட்லாவும் மேல்நீரில் மிதக்கும் உயிர்களை வடித்து உண்ணும் மீன், ஆனால் அதன் வடிகட்டி அவ்வளவு நுண்மையானதல்ல. மலையிலிருந்து வரும் குளிர்ந்த நீர் கட்லாவைவிட வெள்ளிக் கெண்டைக்கே ஒத்துப்போனது. 1977இல் பியாஸ் ஆற்று நீரும் சேர்ந்தது. 1980களில் வலைகளில் வெள்ளிக் கெண்டையே மேலோங்க, கட்லா ஒதுங்கியது. மொத்த மீன்பிடிப்பு பெருகியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சந்தையில் கட்லாவுக்குக் கிடைக்கும் விலை வெள்ளிக் கெண்டைக்கு இல்லை.

புது மீனை விடுமுன் அது எவ்வளவு வேகமாக வளரும் என்று மட்டும் கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது எதைத் தின்னும், அதை இப்போது யார் தின்கிறார்கள் என்று கேட்காமல் விட்டதன் விலையைக் கொடுப்பவர்கள் வலை வைத்திருப்பவர்களும் அந்த ஆற்றுக்கே உரிய மீன்களும்தான்.

சேற்றுக்கு வந்த புதிய பங்காளி

திலாப்பியாவின் மட்குக்கும் இப்போது போட்டி வந்திருக்கிறது. வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் பாசியைச் சுரண்ட வைத்திருக்கும் டேங்க் கிளீனர் மீன் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. கையளவில் வாங்கியது முழங்கை அளவு வளர்ந்ததும் பலர் அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் இலங்கையின் மகாவலி நீர்த்தேக்கங்களிலும் அது பரவியிருக்கிறது. உறிஞ்சும் வாயால் கல்லையும் சேற்றையும் சுரண்டிப் பாசியையும் மட்கையும் உண்கிறது. உடல் முழுதும் எலும்புத் தகடுகள் மூடியிருப்பதால் இரைகொல்லி மீன்கள் அதை எளிதில் தொடுவதில்லை. அதன் வயிறு மூச்சும் விடுகிறது. காற்றை விழுங்கி, இரைப்பையின் மெல்லிய சுவர் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆகவே திலாப்பியா மூச்சுத் திணறிச் சாகும் தண்ணீரிலும் அது பிழைத்துக்கிடக்கும்.

மெக்சிகோவின் இன்பியெர்னியோ நீர்த்தேக்கம் இந்தச் சந்திப்பை முன்பே பார்த்துவிட்டது. அங்கேயும் திலாப்பியா வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன். 1980களில் லத்தீன் அமெரிக்காவின் பெரிய நன்னீர் மீன்பிடித் தொழில்களில் ஒன்று அதை நம்பி நடந்தது. பிறகு டேங்க் கிளீனர் மீன்கள் வந்தன. திலாப்பியா விழுந்த வலைகளில் அவையே பெரும்பங்காக விழத் தொடங்கின. முள் சிக்கி வலை கிழிந்தது, பிடித்ததை வாங்க ஆளில்லை, மீனவர்கள் கரையில் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த மீனை அரைத்துக் கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் ஆக்க முடியுமா என்று அங்கே முயன்று பார்த்திருக்கிறார்கள்.